மூன்று நிமிடம் – கடிதம்

அன்புள்ள சார்,

பதினோரு வருடமாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். மகன் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடப் பேச்சு நடக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கூல் போர்டு கூட்டம் (இங்கே பள்ளிகளை நிர்வகிக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குழு). யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாமாம். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, இங்கிலீஷும் நம் ஊர் உச்சரிப்புதான். "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க, நீ போய் என்ன ஆகப்போகுது" என்கிறார் கணவர். எங்கள் வாட்ஸப் குழுவில் முந்நூறு பெற்றோர் கொதிக்கிறார்கள், போன கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். போய்ப் பேசுவதில் பயன் உண்டா? நீங்கள் மேடையில் நிறையப் பேசியவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மேடையில் நிறையப் பேசியவனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம். உச்சரிப்பு, விடுங்கள். ஓட்டு, பேசுவதற்கு அது தேவையே இல்லை. உங்கள் மாநிலத்தில் 1953இலிருந்து பிரௌன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னால் திறந்து நடத்த வேண்டும் என்கிற சட்டம்; அதன்படி கூட்டத்துக்கு வருகிறவரிடம் 'பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவேன்' என்றுகூடச் சொல்ல முடியாது, அப்புறம்தானே குடியுரிமை. (சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டே கொடுத்துவிட்டார்கள்.) கணவர் சொல்வது பாதி சரி. கூட்டம் சாயங்காலம்தான் நடக்கும், அன்றைக்குச் சமையலை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்கு ஒரு நோட்டுதான் நினைவில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாவது. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இருந்தார்கள், மினிட்ஸ் நோட்டில். மாதா மாதம் ஒரு பையன் அந்த நோட்டைச் சைக்கிளில் கொண்டுவருவான், பென்சிலில் டிக் அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். நானும் போட்டிருக்கிறேன். என்ன தீர்மானம் என்று ஒருநாளும் மேலே பார்த்ததில்லை.

ஒருமுறை நிஜமாகவே கூட்டம் கூடியது, 'எழுத்தாளர் சார் நாலு வார்த்தை பேசணும்' என்றார்கள். நாலு வார்த்தையா? இருபது நிமிடம். காமராஜரைத் தொட்டு, அவர் காலத்துக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்குப் போய், ஊர் ஜனங்களே பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டு பெஞ்சும் மணியும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்ததைச் சொல்லி முடித்தபோது தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல். மிக்சர் பொட்டலம் வந்தது.

அப்போது ஒரு அம்மா எழுந்தார். ரேஷன் கடையில் எடைக்குச் சண்டை போடுகிறவர், தெருவில் எதிரே வந்தால் நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். "சார் பேசினது நல்லா இருந்துச்சு. அதுல எதை நோட்டுல எழுதுவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவர் சிரிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ்ல ரெண்டாவது கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. எம்மவ காலையில தண்ணி குடிக்காம வர்றா."

"கவனிக்கிறோம்மா" என்றார் தலைமையாசிரியர். "எழுதுங்க." எழுதினார். "படிங்க." படித்தார்: 'கழிப்பறை வசதிகளை மேம்படுத்த ஆவன செய்யப்படும்.' "இதுல தாழ்ப்பா எங்க சார் இருக்கு?"

இல்லைதான். அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தார்: பெண்கள் கழிப்பறை, இரண்டாவது கதவு, தாழ்ப்பாள் இல்லை. அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் வந்து, போன மாதத் தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். அதற்கடுத்த மாதமும். மூன்றாவது மாதம் ஒரு மட்டமான தகரத் தாழ்ப்பாள் வந்தது. குழாய் வர இன்னும் ஒரு வருடம் ஆனது, அது தனிக் கதை.

அந்த முதல் கூட்டத்தன்று ராத்திரி என் மகளிடம் கேட்டேன். "ஆமாப்பா, ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவப் பிடிச்சுக்குவோம்" என்றாள், ஏதோ பாண்டி ஆட்டத்து விதியைச் சொல்வது மாதிரி. காமராஜர் வரைக்கும் போனவனுக்கு இது தெரியவில்லை.

நமக்குப் பேச்சு என்றால் மேடைப் பேச்சுதான் ஆர். அவர்களே அவர்களே என்று தொடங்கி நன்றி கூறி விடைபெறுகிற பேச்சு. உங்கள் மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் வணக்கத்துக்கே போய்விடும். அந்த மூன்று நிமிடமும் பிரௌன் சட்டத்தில் எழுதியதல்ல, போர்டு வைத்த கணக்கு. கூட்டம் அதிகமென்றால் இரண்டாக்கி விடுவார்கள், ஒன்றுகூட ஆகலாம். இன்னொன்று, அஜெண்டாவில் இல்லாததைப் பேசினால் அவர்கள் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அது திமிர் இல்லை, அஜெண்டாவில் இல்லாததை விவாதிக்கக் கூடாது என்று அதே சட்டம் அவர்கள் வாயைக் கட்டியிருக்கிறது. ஆனால் அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். பள்ளி சம்பந்தப்பட்ட விஷயத்தை அதில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் பொதுமக்களுக்கு வழியும் இருக்கிறது. அந்த முந்நூறு பேரில் ஒருத்தராவது அஜெண்டாவைத் திறந்து பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள். கோபப்பட்ட முகம் ஒன்றைத் தட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். பேசப் போகிறவர் பேசியதை ஒரு தாளில் எழுதி, போர்டில் எத்தனை பேரோ அத்தனை பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரிலும் 'ஆவன செய்யப்படும்' இருக்கும், இங்கிலீஷில்.

அதையெல்லாம்விட ஒரு விஷயம் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் வாட்ஸப் குழு இருக்கிறது, கணவர் இருக்கிறார், உச்சரிப்பு இருக்கிறது. பள்ளி இடம் மாறினால் உங்கள் மகனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. எவ்வளவு தூரம் நடப்பான், எந்த ரோட்டைக் கடப்பான், அங்கே சிக்னல் உண்டா? ஒருவேளை ஒன்றும் ஆகாது, இணைப்பதுதான் நியாயம் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். அதையும் பேசலாம்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஒருநாள் அந்தப் புதுப் பள்ளி வரை மகனோடு நடந்து போங்கள். காலையில், பள்ளி நேரத்தில். அவன் நடையில் நடங்கள், உங்கள் நடையில் அல்ல.