நடைக் கணக்கு

கேள்வி: அரசு அலுவலகங்களில் நடக்கும் ஊழல் ஏழை மக்களை உண்மையில் எந்த அளவுக்குப் பாதிக்கிறது? ஊர் மக்கள் சேர்ந்து கேட்டால் ஏதாவது மாறுமா?

நான் சேர்வராயன் மலையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் லஞ்சத்தை ரூபாயில் சொல்வதற்கு முன் நடையில் சொல்வார்கள். "பட்டாவுக்கு ஒம்பது நடை நடந்தேன்." "பென்சனுக்கு நடையா நடந்து கால் தேஞ்சு போச்சு." ஒரு நடை என்றால் என்ன என்று சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். விடியும் முன் எழுந்து முதல் பஸ்ஸில் ஏற்காடு வர வேண்டும். அங்கிருந்து இன்னொரு பஸ், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம். அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்போம். "சார் மீட்டிங்ல இருக்காரு." "சர்வர் வேலை செய்யல." "இந்த நகல் இல்லையே, அடுத்த வாரம் வா." சாயங்கால பஸ்ஸை விட்டால் அடிவாரத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துவிட்டு மறுநாள்தான் மலையேற முடியும். அன்றைய கூலி போச்சு. பஸ் காசு போச்சு. வயசான அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போனால் ரெண்டு பேர் கூலி. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் ஒரு நாள் விட்டுப்போனால் அந்த இழப்பு சாதாரணமல்ல, வருஷம் முழுக்க வாங்குகிற கடனை அடைப்பதே அந்த இரண்டு மூன்று மாத வருமானம்தான்.

இப்படி ஆறேழு நடை நடக்க வைத்த பிறகு ஒருவர் வந்து மெதுவாகச் சொல்வார்: "மேல கீழ எல்லாரையும் கவனிக்கணும்மா." அந்த நேரத்தில் 1,000 ரூபாய் லாபமாகத் தெரியும். இன்னும் நாலு நடை நடந்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்று எங்கள் ஆட்களுக்கே கணக்குத் தெரியும். லஞ்சம் கேட்பவருக்கும் தெரியும். அலைக்கழிப்பதே அதற்காகத்தான். வசதி உள்ளவர் லஞ்சம் கொடுத்தால் தனக்கு உரிமை இல்லாத ஒன்றையோ, வரிசையில் முன்னால் ஓர் இடத்தையோ வாங்குகிறார். எங்கள் ஆட்கள் ஏற்கெனவே தங்களுடையதாக இருப்பதைக் காசு கொடுத்து மீட்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். நாங்கள் மலையாளி என்ற பழங்குடி. (கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது எங்கள் வழக்கு. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.) தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு 1 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள் நுழையக் கையில் சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பா எனக்காக நடக்க ஆரம்பித்தார். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. "மலையாளின்னா கேரளாவா? பாட்டன் பேர்ல என்ன ஆதாரம் இருக்கு?" என்று ஒருமையில் கேட்டார்கள். அப்பா அவர்களை "சாமி" என்றார். எட்டாவது நடையில் 1,500 ரூபாய் கேட்டார்கள். எஸ்டேட் மேஸ்திரியிடம், அடுத்த பறிப்புக் கூலியில் கழித்துக்கொள்ளும்படி கடன் வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது. கல்லூரியில் சேர்க்கை ஜூலையிலேயே முடிந்திருந்தது.

அந்த வருஷம் நானும் அம்மாவோடு காப்பி பறித்தேன். எங்கள் கூலி மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்திலேயே கழிந்தது. அடுத்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தேன், அது என் நல்ல நேரம். என்னோடு அதே ஆண்டு தேர்வெழுதிய இன்னொரு பெண்ணுக்குச் சான்றிதழ் வர இன்னும் தாமதமானது. அதற்குள் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அவள் இழந்ததை எந்த ஊழல் வழக்கிலும் யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

இது கண்முன் நடக்கிற ஊழல். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது வேறு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

2019 அக்டோபர் 2, காந்தியின் 150-வது பிறந்தநாள். கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாததாக அறிவிக்கப்பட்ட நாள். அன்று எங்கள் ஊரிலும் கிராம சபை. தூய்மை பாரதத் திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாயில் கழிப்பறைகள் கட்டி முடித்தாகிவிட்டது என்று தீர்மானம் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்பதைவிட முணுமுணுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அம்மா கைநாட்டு வைத்தார். பிறகு வீட்டுக்கு வந்து, இருட்டியதும், வழக்கம்போலச் சொம்பை எடுத்துக்கொண்டு சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போனார். எங்கள் வீட்டில் கழிப்பறை இல்லை.

அப்போது தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடைப்பட்ட மூன்று வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. கேள்வி கேட்கவும் ஓட்டுப் போடாமல் தண்டிக்கவும் ஊருக்குள் ஒரு ஆள் இல்லாத காலத்தில்தான் கட்டாத கழிப்பறைகள் கட்டி முடிந்தன.

நானும் மகளிர் குழு அக்காமார் நாலு பேரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டிப் பயனாளிகள் பட்டியலையும் புகைப்படங்களின் நகலையும் வாங்கினோம். எங்கள் குக்கிராமத்தில் 31 பேருக்குக் கட்டியதாகப் பட்டியல். வீடு வீடாகப் போய் எண்ணினால் 19. மீதி 12 பெயரில் என் அம்மா பெயரும் இருந்தது. பல வருஷம் முன்பே அரூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போன ஒருத்தியின் பெயரும் இருந்தது. புகைப்படங்களில் நாலு பேருக்குப் பின்னால் ஒரே நீலக் கதவு. அதே கீறல், அதே தாழ்ப்பாள். 12 பெயர், 1,44,000 ரூபாய்.

அம்மாவிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "என் பேர்லயா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பணம் போனதைவிட, தான் கைநாட்டு வைத்ததுதான் அவரை வாட்டியது. தன் கையாலேயே சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள் என்று அன்று ராத்திரி அழுதார்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ல், விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிரதமர் கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோரைப் போலியாகச் சேர்த்து ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போனது தெரியவந்தது. புரோக்கர்கள் ஊர் ஊராகப் போய் ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிச் சேர்த்தார்கள். "கொரோனா பணம் வருது" என்று சொல்லிச் சேர்த்த ஒரு பெரியம்மா எனக்குத் தெரியும். கணக்கில் 4,000 ஏறியது, புரோக்கர் 1,500 எடுத்துக்கொண்டார். விஷயம் வெளியே வந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து முழுசாக 4,000 திரும்பப் பிடித்தார்கள். திருட்டு நடந்தாலும் ஏழைக்கு நஷ்டம், திருட்டைப் பிடித்தாலும் ஏழைக்கு நஷ்டம்.

சேர்ந்து கேட்டால் மாறுமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

கழிப்பறைப் பட்டியலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஒருவர் பெயரில் போகவில்லை, 14 பெண்கள் கையெழுத்திட்டோம். மூன்றே வாரத்தில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் மண்ணும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு வந்து, 7 வீட்டுக்கு அவசர அவசரமாகக் கட்டினார்கள். அதில் இரண்டுக்குக் குழியில் உறையே இறக்கவில்லை, பாறை என்று சொல்லிவிட்டார்கள். மீதி 5 இன்றுவரை இல்லை. பணம் எடுத்த யாருக்கும் தண்டனை இல்லை. தொகுப்பூதியத்தில் இருந்த ஒரு பையனை மட்டும் வேலையைவிட்டு எடுத்தார்கள். அவன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் போட்டோ எடுக்கச் சொன்னவர் நாற்காலியில் இருக்க, எடுத்தவனை மட்டும் அனுப்பியது நியாயமாகத் தெரியவில்லை. இதைப் பொறுப்பேற்பு என்று சொல்ல என் மனம் வரவில்லை.

ஆனால் வேறொன்று மாறியது. அந்த அலைச்சலின்போது அக்காமாரில் ஒருவர் 100 பக்க நோட்டு ஒன்றை வாங்கினார். யார் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனார்கள், எந்த மேசையில் யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு கேட்டார்கள், பஸ் காசு எவ்வளவு, கூலி எவ்வளவு போச்சு என்று எழுத ஆரம்பித்தோம். எழுதத் தெரியாதவர்கள் சாயங்காலம் வந்து சொல்வார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவார்கள். "நடை நோட்டு" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அடுத்த முறை மனு கொடுக்கும்போது "அலைக்கழிக்கிறார்கள்" என்று பொதுவாக எழுதவில்லை. ஒரு மூதாட்டியின் உதவித்தொகைக்கு ஏழு நடை, ஏழு தேதி, ஏழு பதில் என்று நோட்டின் நகலை இணைத்தோம். அடுத்த மாதமே ஆணை வந்தது. காசு கொடுக்கவில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று நான் பெருமை பேச மாட்டேன். ராஜஸ்தானில் 1990-ல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு இதைத்தான் செய்தது. 1994 டிசம்பரில் முதல் பொது விசாரணை. வேலை நடந்ததாக எழுதிய கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், "நான் அந்த வேலைக்கே போகலையே" என்று ஜனங்கள் எழுந்து சொன்னார்கள். 1996-ல் பியாவர் நகரில் தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா. தகவல் சட்டம் 2005-ல் வந்ததற்கு அந்தக் கூலிக்காரர்கள் பெரிய காரணம். எங்கள் ஊர் ஆட்களைப் போலப் படிக்காதவர்களின் கோரிக்கையிலிருந்து வந்த சட்டம் என்பது தெரிந்தபோது, அதைப் பயன்படுத்தும் கூச்சம் எனக்குப் போனது.

அனுபவத்தில் கற்றதில் சிலது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று இணைத்தால் தகவல் மனுவுக்குக் கட்டணமே இல்லை. "ஏன் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர மாட்டார்கள். பட்டியல், பில், அளவீட்டுப் புத்தகம் என்று ஆவணத்தைக் கேளுங்கள். அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அதே சட்டம் உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது. வேறு வழியின்றி லஞ்சம் கொடுத்துவிட்டால், 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. பயந்து வாய்மூடி இருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்தில் கல்குவாரி முறைகேட்டை எதிர்த்துப் புகார் கொடுத்த ஜகபர் அலியை லாரி ஏற்றிக் கொன்றார்கள். 2023-ல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அலுவலகத்துக்குள்ளேயே வெட்டினார்கள். அவர் அரசு ஊழியர். அரசு ஊழியர் என்றாலே லஞ்சம் என்று யாராவது பேசினால் அவர் பெயரைச் சொல்வேன். நேர்மையாக இருப்பவருக்கும் ஊர் துணை வேண்டும்.

இப்போது எனக்கு இரண்டு கவலைகள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தில் தனிநபர் விவரங்களுக்கு இருந்த விலக்கை விரித்துவிட்டது. நாளைக்கு ஒரு பயனாளிகள் பட்டியல் கேட்டால் "தனிநபர் தகவல்" என்று மறுக்க வழி இருக்கிறது. பட்டியல் இல்லாமல் என் அம்மா பெயர் திருடப்பட்டது எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இரண்டாவது, 2025 ஜனவரியில் எங்கள் ஊராட்சியின் பதவிக்காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. போன தடவை அந்த மூன்று வருஷத்தில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் நோட்டை விடவில்லை. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. போன மே தினக் கிராம சபைக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கூட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் பதிவேட்டை எடுத்து வந்து அம்மா முன்னால் நீட்டினார்கள். அம்மா கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல சத்தமா படி, தம்பி. எல்லாருக்கும் கேக்கட்டும். அப்பறம் வெக்கிறேன்."