அப்பாவின் பெயரை மறைக்க வேண்டாம்

கேள்வி: என் அப்பா தென் மாவட்டங்களில் பெயர் பெற்ற ராஜபார்ட், அதாவது மேடை நாடகங்களில் கதாநாயகனாக நடிப்பவர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மேடை ஏறினால் விடிய விடியக் கூட்டம் கலையாது. எனக்கு 26 வயது. சென்னையில் சினிமா வாய்ப்புத் தேடி, சில குறும்படங்களில் நடித்திருக்கிறேன். இப்போது ஒரு படத்தில் கதாநாயகனின் நண்பன் வேடம் கிடைத்திருக்கிறது. போகிற இடமெல்லாம், “அப்பா மாதிரி ஒரு வசனம் பேசிக் காட்டு” என்கிறார்கள். பேசினால், “அந்தக் கம்பீரம் இல்லையே” என்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு, யார் மகன் என்பதையே மறைத்துவிடலாமா? அப்பாவோ, “சிவாஜி மகன் பிரபு நிலைக்கவில்லையா?” என்கிறார். அவருக்குப் பின்னால் சொந்தப் படக் கம்பெனியே இருந்ததே!
- மதுரை மாவட்ட வாசகர்

பதில்: அன்புத் தம்பிக்கு,

மறைக்க வேண்டாம். மறைத்தாலும் நிற்காது. நடிகர் முத்துராமனின் மகன் முரளி கார்த்திகேயன், 1981இல் பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் கார்த்திக் ஆனார். அதனால் அவர் யார் மகன் என்பது யாருக்கும் தெரியாமலா போனது? சினிமாக்காரர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். அப்போது, “ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்விக்கு வேறு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரபுவைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சிவாஜி வீட்டுப் பிள்ளைக்குக் கதவு தட்டும் வேலை இல்லை. ஆனால் அவருக்கு நேர்ந்த சோதனை உங்களுக்கு நேரவில்லை. 1982இல் ‘சங்கிலி’. முதல் படத்திலேயே கூட நடிப்பவர் சிவாஜி. அதன் பிறகும் பல படங்களில் அப்பாவோடு சேர்ந்தே நடித்தார். நீங்கள் ஒத்திகை அறையில் அப்பாவின் வசனத்தைப் பேசும்போது, கேட்பவர் மனத்தில் இருக்கும் அப்பாவோடுதான் ஒப்பிடுகிறார். பிரபுவுக்கு ஒப்பீடு அதே திரையில், ஒரு கை தூரத்தில் நின்றது. பட்டம் கூட அப்பாவிடமிருந்துதான் வந்தது. அவர் நடிகர் திலகம், இவர் இளைய திலகம்.

அந்த நிலையிலிருந்து பிரபு எப்படி வெளியே வந்தார் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. 1988இல் வந்த மணிரத்னத்தின் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தை இன்னொரு முறை பாருங்கள், கதைக்காக அல்ல, முகங்களுக்காக. ஒரு தந்தை, இரண்டு குடும்பம். மூத்த தாரத்து மகன் போலீஸ் அதிகாரி, அது பிரபு. இளைய தாரத்து மகன் கார்த்திக். அப்பா யாருக்குச் சொந்தம் என்று இருவரும் படம் முழுக்க முறைத்துக்கொள்கிறார்கள். விஜயகுமாரின் பிள்ளைகளாக மோதிக்கொண்ட அந்த இருவரில் ஒருவர் சிவாஜி மகன், இன்னொருவர் முத்துராமன் மகன். தியேட்டரில் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்பே எழவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு நடிகர் மகனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி அதுதான்.

சிவாஜி கோபப்பட்டால் புருவம், கன்னம், விரல் நுனி எல்லாம் கோபப்படும். அந்த அழகுக்கு நான் அடிமை. பிரபு இந்தப் படத்தில் அதில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டில் இருக்கிறது. மீதிப் பாதியில் கண் மட்டும் வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒரு அசைவு சேர்ந்திருந்தாலும் அது அப்பாவின் அசைவாகிவிட்டிருக்கும்.

மூன்று வருடம் கழித்து பி.வாசுவின் ‘சின்ன தம்பி’. தாலி என்றால் என்னவென்றே தெரியாமல் அதைக் கட்டிவிடுகிற வெள்ளந்தி. (அதில் கதாநாயகியின் அண்ணனாக வரும் ராதாரவி, எம்.ஆர்.ராதாவின் மகன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரும் தன் அப்பாவின் குரலைக் கடன் வாங்காமல் தனக்கென்று ஒரு வில்லத்தனத்தைத் தேடிக்கொண்டவர்.) அந்த வேடத்தில் கம்பீரத்துக்கு வேலையே இல்லை. பிரபுவின் சிரிப்புக்குத்தான் வேலை. 1994இல் ‘டூயட்’டில் பாலசந்தர் இன்னும் துணிந்தார். எந்தப் பருமனை இவருடைய குறையாகப் பேசினார்களோ, அதையே கதைக்குள் கொண்டுவந்தார். பருமனாக இருப்பதால் ஒரு பெண்ணால் ஒதுக்கப்படுகிற சாக்ஸபோன் கலைஞன் அவர். வசனத்துக்குப் பதில் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பு பேசுகிறது. பிரபு அதற்கு முகம் கொடுக்கிறார். சிவாஜிக்காக இப்படி ஒரு வேடத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். சொந்தக் கம்பெனிப் பணத்தால் வாங்கக்கூடிய விஷயமா இது?

கார்த்திக் கதை இதைவிடச் சுருக்கம். ‘மௌன ராகம்’ படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். காதலியின் அப்பாவை ஹோட்டலில் எல்லோர் முன்னாலும் “மிஸ்டர் சந்திரமௌலி” என்று கூப்பிடுகிற அந்தக் குறும்பும் பேச்சின் வேகமும் முத்துராமனிடம் இருந்தவை அல்ல. உங்களுக்கும் நண்பன் வேடம்தானே? சின்ன வேடம் என்று மனம் சோர வேண்டாம். உங்கள் அப்பாவின் சாயல் தேவைப்படாத வேடம் என்று சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. பிரபு மேடை வழியாக வந்தவர் அல்ல. சிவாஜி சிறுவனாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1952இல் ‘பராசக்தி’க்காகக் காமிரா முன் நின்றபோது அவருக்குப் பின்னால் பல வருட மேடை இருந்தது. அந்த மேடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவிடம் கேட்டு வாங்க வேண்டியவை மூச்சு, மனப்பாடம், தூக்கம் வந்தாலும் வேடம் கலையாமல் விடியும்வரை நிற்கிற உடம்பு. வாங்கக் கூடாதவை கையசைவும் குரல் ஏற்றமும். அவர் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்காகப் பேசிப் பழகியவர். உங்களுக்கு மைக் சட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இனி யாராவது அப்பா வசனத்தைக் கேட்டால் மறுக்க வேண்டாம். முகம் சுளிக்கவும் வேண்டாம். “அப்பாவுடையதை அவர் பேசித்தான் கேட்க வேண்டும், நான் தயார் செய்தது ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அதற்கு இரண்டு காட்சிகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஒன்று பேச்சே இல்லாதது. இன்னொன்று உங்கள் ஊர்ப் பேச்சில், உங்கள் வயதுக்காரன் ஒருவன் பேசுவது. தாழ்ந்த குரலில் செய்யுங்கள். பார்ப்பவர்களில் சிலர் அப்போதும் அப்பாவைத்தான் தேடுவார்கள். அவர்களிடம் வாய்ப்புக் கேட்டு மறுபடி போக வேண்டாம்.

படப்பிடிப்புக்கு முன் அப்பாவிடம் உங்கள் காட்சியை ஒரு முறை நடித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். படப்பிடிப்பில் இயக்குநர் சொல்வதைச் செய்யுங்கள். இந்த ஏற்பாட்டை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விடிய விடிய நின்ற கலைஞர் அவர், புரிந்துகொள்வார்.