வாந்தி மாத்திரைக்குப் பின் அப்பாவின் கை நடுக்கம்

ஐயா, வாந்திக்காக இரண்டு மாதமாக மெட்டோகுளோபிரமைடு சாப்பிடும் உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, நடை சுருங்கிவிட்டது, இது பார்க்கின்சன் நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மாத்திரையைச் சந்தேகியுங்கள்.

மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி அசைவைச் சீராக்குகிறது. அங்கே டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ள டி1, டி2 என ஏற்பிகள் உண்டு. டி1 அசைவைத் தூண்டும் பாதைக்கு வலுவூட்டும். டி2 அசைவை அடக்கும் பாதையைத் தணிக்கும். இந்த மாத்திரை டி2 ஏற்பியை அடைத்துவிடுகிறது. டோபமைன் இருந்தும் பயனில்லை. அடக்கும் பாதை ஓங்கி உடல் இறுகுகிறது. 5 நாளுக்கு மேல் இது வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இலேயே சொல்லிவிட்டது.

புளியரையில் என் அம்மாவுக்கும் இதுவே நடந்தது. வாசல் நிறையப் போடும் கோலம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. மாவு விரலிடுக்கிலேயே நின்றது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மருந்தை நிறுத்தி மூன்று மாதத்தில் கோலம் பழைய அளவுக்கு வந்தது.

இன்றைக்கே மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்திக்கான இன்னொரு மருந்தான டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது; ஆனால் இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடும், அதையும் அவரே முடிவு செய்யட்டும். நிறுத்திச் சில மாதங்களாகியும் நடுக்கம் நீடித்தால், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போய் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.