அப்பாயியின் ஐந்து படி

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தில் மீசஸ், ஹயெக் என்ற பொருளியலாளர்களின் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. விலையைச் சந்தையிடமே விட வேண்டும் என்கிற இவர்களின் ஆஸ்திரியப் பொருளியல் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதுதானே? ஹயெக் ராணுவச் சர்வாதிகாரி பினோசெயின் சிலிக்கே போய்வந்தவர். படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

சிலிக்குப் போனார், இரண்டு முறை. அந்த ஆட்சிக்குச் சாதகமாகப் பேசவும் செய்தார். தப்புதான். அதை விடுங்கள்.

'முதலாளிகளுக்கு வக்காலத்து' என்பதைத்தான் விட முடியவில்லை. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் எழுதிய வரி அது. உங்களுக்கு நல்ல மூளை. பழைய கடிதங்களில் பார்த்திருக்கிறேன். அதை ஏன் எவனோ சொன்ன வசனத்துக்கு வாடகைக்கு விடுகிறீர்கள்? லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு போட்டிக்கு ஆள் வராமல் பார்த்துக்கொள்ளும் முதலாளிக்கு இவர்களைவிட எதிரி யார்?

1920-ல் மீசஸ் கேட்டார்: ஆலை, இயந்திரம் எல்லாம் அரசுடைமை, வாங்கல் விற்றல் இல்லை, ஆகவே விலையும் இல்லை; புதிதாக ஒரு ரயில்பாதை போடலாமா கூடாதா என்று எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? விலை செய்யும் அந்த வேலையை 1945-ல் ஹயெக் ஒரு கட்டுரையில் வெள்ளீயத்தை வைத்து விளக்கினார். எங்கோ வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு. காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம். விலை ஏறினால் போதும், புழங்குகிறவர்கள் எல்லாரும் தாமாகவே சிக்கனம் பிடிப்பார்கள்.

எனக்கு இதை முதலில் சொன்னவள் அப்பாயி. அறுபதுகளின் நடுவில், தட்டுப்பாட்டுக் காலம். ராஜாஜி 1952-ல் நீக்கிய அரிசிக் கட்டுப்பாடு வேறு உருவத்தில் திரும்பியிருந்தது. தஞ்சாவூர் ஜில்லா அரிசி எல்லை தாண்டக்கூடாது. புதுக்கோட்டையில் அத்தைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. "இங்க அரிசி விலையைக் கேட்டா மயக்கமா வருது" என்று கடிதம் போட்டிருந்தாள். அப்பாயி ஐந்து படியைத் தலையணை உறையில் கொட்டித் தைத்து, மேலே பழந்துணியைச் சுற்றினாள். பஸ்ஸில் நான் அதில் தலைவைத்துத் தூங்குவதுபோல் நடிக்க வேண்டும்.

செக்போஸ்டில் ஏறியவர் என் தலையைப் பதமாகத் தூக்கிவிட்டுக் குத்தூசியைச் செருகினார். ஊசியின் பள்ளத்தில் பத்துப் பதினைந்து அரிசி.

"அங்க விலை ஏறிக் கெடக்கு, இங்க எறங்கிக் கெடக்கு. கொண்டுபோறவளப் புடிச்சு வச்சுட்டா அங்க எப்புடிய்யா எறங்கும்?" என்றாள் அப்பாயி.

"சட்டம்மா" என்றார். கெட்டவர் இல்லை. பழந்துணியை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஹயெக்கின் அந்த 1945 கட்டுரை, 'The Use of Knowledge in Society'. பன்னிரண்டே பக்கம். படித்துவிட்டு வந்து திட்டுங்கள்.