புல்தரையில் முளைக்கும் வெள்ளைக் குடைக் காளானைச் சாப்பிடலாமா?

மழை விட்டதும் புல்தரையில் வட்டமாக முளைத்திருக்கிற பெரிய வெள்ளைக் காளான் என்னவென்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பமான ஊர்களில் புல்வெளியில் அதிகம் வருவது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான், அதனால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட வரும், மேலே நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம்.

சிக்கல் என்னவென்றால் இளசாக இருக்கும்போது குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளும் வெள்ளையாகத்தான் இருக்கும், இதைக் காட்டிக்கொடுக்கும் பச்சை சாயல் பிறகுதான் ஏறும். அதனால் விரிந்த குடை ஒன்றைத் தண்டு நீக்கி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளில் குடையிலிருந்து உதிர்ந்த வித்துத் தூள் பச்சை கலந்து படிந்திருந்தால் அதேதான். வேறு நிறமாக இருந்தால் இது இல்லை என்று மட்டும்தான் அர்த்தம், சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை!

நம் ஊரில் சாப்பிடும் புற்றுக்காளானோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் என் பெரிய கவலை. புற்றுக்காளானின் தண்டு வேர்போல மண்ணுக்குள் கறையான் கூடுவரை இறங்கும், குடையின் நடுவில் முனை துருத்திக்கொண்டிருக்கும், தூள் இளஞ்சிவப்பு.

அப்புறம், நச்சுக் காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி தின்ற காளான் நல்லது என்பதையெல்லாம் தயவுசெய்து நம்பாதீர்கள். இந்தக் குளோரோஃபில்லம் காளானைத் தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தை கடித்துவிட்டால் மிச்சத் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.