ஞாயிற்றுக்கிழமை பெடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வயது 42. பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை. சைக்கிள் ஓட்ட ஆசை வந்திருக்கிறது. ஒருவர் நாற்பதாயிரத்துக்குக் குறைந்து வாங்காதே என்கிறார், இன்னொருவர் அகல டயர் வண்டிதான் நல்லது என்கிறார். எதை வாங்குவது?
– தண்டையார்பேட்டை வாசகர்

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிடக்கும், நம் பக்கம் அப்படி ஒரு வண்டி இல்லாத சந்து இருக்கிறதா என்ன. அதைத் தெருமுனைக் கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, பால்ரஸ் மாற்றி, வீல் கோட்டம் எடுத்து, இரண்டு மாதம் ஓட்டுங்கள். அதற்கப்புறமும் சனிக்கிழமை ராத்திரி நாலரை மணிக்கு அலாரம் வைக்கக் கை தயங்கவில்லை என்றால் காசை வெளியே எடுக்கலாம்.

நாற்பதாயிரம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த விலைக்கு வண்டி இலேசாக இருக்கும், கியர் சத்தமில்லாமல் மாறும். ஆனால் நம் ஊர் தட்டை. மூலக்கடை மேம்பாலமும் பெரம்பூர் மேம்பாலமும்தான் நமக்கு மலை, அதை கியர் இல்லாத வண்டியில் எழுந்து நின்று மிதித்தே ஏறிவிடலாம். அகல டயர் மணலுக்கும் பனிக்கும் செய்தது, தார் ரோட்டில் இழுவைதான் மிச்சம். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த மலிவு வண்டியும் வேண்டாம், நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும், எடையும் கூடுதல். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இறங்கிய ஊர் இது, சாதாரண வண்டியை ஒழுங்காகப் பூட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

புதுசு வாங்க ரத்தன் பஜார் பக்கம் போனால் நிறத்தைக் கேட்பதற்கு முன் பிரேம் சைஸைக் கேளுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது மேல் பாருக்கும் உங்களுக்கும் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள், கால் நீட்டமாக நிற்க வேண்டும். ஓட்டும்போது வைப்பது முன்பாதம் என்பதால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரி. கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்று சீட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, மூன்றாவது வாரமே முட்டிக்கு முன்னால் வலிக்கிறது, சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரிகிற ஆட்கள் நம்மிடம் ரொம்ப அதிகம்.


சைக்கிள் ஓட்டினால் தொப்பை குறையுமா?
– கொளத்தூர் வாசகர்

ஓட்டினால் குறையும். ஓட்டி முடித்ததும் கூட்டமாக உட்கார்ந்து பொங்கல், வடகறி, தனியாக இரண்டு வடை, அப்புறம் யாரோ ஒருவர் "தம்பி, ஒரு பூரி செட்டு" என்று ஆரம்பித்தால் குறையாது. நானும் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவன்தான்.


ராயபுரத்திலிருந்து ஞாயிறு காலை எங்கே போகலாம்? எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே போய்ச் சேரவே பாதி உயிர் போகிறது.
– ராயபுரம் வாசகி

அங்கே எதற்கு? உங்களுக்கும் ஒரு கடல் இருக்கிறது. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் வாசலில் டயரை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், காசிமேடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பல இடங்களில் வலது கைப்பக்கம் கருங்கல் கொட்டிய கரையும் அதில் மோதித் தெறிக்கிற அலையும் கூடவே வரும். முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிறது, இந்தப் பக்கம் படகுகள், எதிர்ப்பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். கழிமுகத்துக் கலங்கல் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயில் கடித்திருக்கும் பனையோலைப் பைக்குள் போட்டுக்கொண்டே நகர்கிறவர்களைப் பார்த்தால், நாம் ஓட்டி வந்த தூரத்தைப் பற்றிப் பேச்சே வராது.

அழகான பாதை என்று சான்றிதழ் தர மாட்டேன். மணலி பக்கம் காற்று திரும்பினால் மூக்கைப் பொத்த வேண்டும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள்தான் முக்கியமான சங்கதி. நிற்கிற லாரி ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள், கிளீனர் எந்த நிமிஷமும் கதவைத் திறந்து குதிப்பார், ஆகவே ஒரு கை நீளம் தள்ளியே போங்கள். நகர்கிற டிரெய்லரின் இடப்பக்கம் மட்டும் எந்த அவசரத்திலும் நுழையாதீர்கள். அது இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அந்த இடத்தில் நீங்கள் இருப்பது டிரைவருக்குக் கண்ணாடியிலும் தெரியாது. பின்னால் நின்று, அது திரும்பி முடித்த பிறகு போங்கள், அரை நிமிஷ நஷ்டம்தான்.

காசிமேட்டில் ஞாயிறு என்றால் ஏலம் களைகட்டியிருக்கும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழிந்த தண்ணீர் ரோட்டில் ஓடும், அதன் மேல் பிரேக் அடித்தால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. பெடலை நிறுத்தி, வண்டியை நேராக வைத்து, உருட்டிக் கடந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டயர் ஓரத்தில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருக்கும், எங்கள் வீட்டுப் பூனை ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்காகக் காத்திருப்பதன் ரகசியம் அதுதான்.

காற்றையும் பார்த்துக் கிளம்புங்கள். கோடையில் நண்பகல் நெருங்கும்போது தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். வடக்கே எண்ணூருக்குப் போகும்போது முதுகில் தள்ளிய அதே காற்று திரும்பும்போது நெஞ்சில் முட்டும், அதுவும் வெயிலோடு. ஆறு மணிக்குள் கிளம்பி ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று காலத்தில் தலைகீழ், போகும்போது உழைப்பு, வரும்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும் என்று தோன்றும்.


வீடு கடலோரம். செயின் அடிக்கடி துருப்பிடிக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தேங்காயெண்ணெய் விடச் சொல்கிறார், கடைக்காரர் கிரீஸ் தடவுகிறார். எது சரி?
– திருவொற்றியூர் வாசகர்

அண்ணன் எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளட்டும். செயினில் விட்டால் தூசியைப் பிடித்துப் பசையாகி, அந்தக் கறுப்புச் சேறே அரைத்துத் தேய்க்கும். கிரீஸ் வெளியே பளபளவென்று இருக்கும், ஆனால் தேய்மானம் நடப்பது உள்ளே, பின்னும் உருளையும் உரசுகிற இடத்தில். அங்கே கிரீஸ் போகாது.

உங்கள் ஏரியாவில் எதிரி உப்பு. காற்றில் வரும் உப்பு செயினில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழையே பெய்யாவிட்டாலும் துரு வரும். பழைய பனியன் துணி ஒன்றை மண்ணெண்ணெயில் நனைத்து, செயினைக் கைக்குள் பிடித்தபடி பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. நன்றாகக் காயவிட்டு, கடையில் கிடைக்கும் செயின் ஆயிலை ஒவ்வொரு உருளை மேலும் ஒரு சொட்டு, உள்பக்கமாக. அதற்கப்புறம் செய்வதைத்தான் யாரும் செய்வதில்லை: கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுங்கள். வெளியே எண்ணெய் மினுங்கினால் அது தூசிக்கு வைத்த விருந்து. தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஓடும், சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி விட வேண்டிவரும்.

ஒரு ஸ்கேல் எடுத்து அளந்தும் பாருங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24-ஆவது பின்னின் மையம் சரியாக 12 அங்குலம். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளியிருந்தால் செயினை மாற்றும் நேரம். ஒரு நூல் தள்ளிவிட்டதென்றால் பின்சக்கரப் பல்லும் கூடவே தேய்ந்திருக்கும், செலவு இரண்டாகும்.


எனக்கு 38 வயது. சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை, வீட்டில் விடவில்லை. இப்போது பெண் ஓட்டுவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. தெருவில் சிரிப்பார்களே?
– வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா

சிரிப்பார்கள். ஒரு வாரம் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், தெருவுக்குத் தினமும் புதுசு வேண்டும்.

பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் பழைய முறை வேண்டாம், அவருக்கு மூச்சு வாங்கும், உங்களுக்கு பயம் போகாது. உங்கள் பெண்ணின் சைக்கிளையே எடுங்கள், நடுவில் பார் இல்லாத வண்டியாக இருந்தால் நல்லது. கடையில் சொல்லி இரண்டு பெடலையும் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், வீட்டிலேயே முயன்றால் மரை போய்விடும், அதனால்தான் கடை. சீட்டை இரண்டு பாதமும் தரையில் பதியும் அளவுக்கு இறக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் உந்தி உந்திப் போங்கள். மேலே சொன்ன சீட் உயரம் ஓட்டத் தெரிந்த பிறகு. காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் தானாக உருண்டு போக வந்துவிட்டால் சமநிலை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம், பெடலை மாட்டுவது அதற்குப் பிறகு வெறும் சடங்கு. பள்ளிக்கூட மைதானமோ மாநகராட்சி மைதானமோ விடிகாலையில் காலியாக இருக்கும். பார்வை எப்போதும் தூரத்தில், முன்சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவீர்கள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துவிடுங்கள், செயின் கவர் இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

பெண்ணையே வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம். அவளும் கொஞ்சம் அதட்டிப் பார்க்கட்டுமே.


நான் ஓய்வுபெற்றவன், வயது 61, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓட்டலாமா?
– பெரம்பூர் வாசகர்

ஓட்டலாம் ஐயா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சில மாத்திரைகளும் இன்சுலினும் உடற்பயிற்சியோடு சேரும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள், சட்டைப் பையில் குளுக்கோஸோ இரண்டு மிட்டாயோ இருக்கட்டும், கை நடுங்கி வியர்த்தால் உடனே இறங்கி உட்காருங்கள். கால் விரல்களை வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், செருப்பு உரசிய புண் தெரியாமல் இருக்கும்.


சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் அந்த இறுக்கமான டிரவுசர் கட்டாயமா அண்ணே? கூச்சமாக இருக்கிறது.
– புளியந்தோப்பு வாசகர்

கட்டாயமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போதுதான் அதன் அருமை தெரியும். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு சாதாரண ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது. உள்ளே மட்டும் ஜட்டி போடாதீர்கள், அதன் தையல்தான் உரசிப் புண்ணாக்கும்.


பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் பழவேற்காடு போய்வர முடியுமா?
– கொருக்குப்பேட்டை மாணவர்

முடியும் தம்பி, ஆனால் இந்த ஞாயிறு இல்லை. மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று போனால் ஒரு பக்கமே 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் வரும். முதலில் மாதவரம் வழியாகப் புழல் ஏரி வரை போய் வா, அடுத்து மீஞ்சூர். அங்கிருந்து திரும்பி வந்து மாலையில் கிரிக்கெட் ஆடத் தெம்பு இருந்தால் பழவேற்காட்டுக்குத் தேதி குறி. வீட்டில் சொல்லாமல் போகாதே, தனியாகவும் போகாதே. பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், வால்வில் மாட்டும் ரப்பர் வால் டியூப் இரண்டு துண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர், கடலை மிட்டாய். உன் டயர் சைஸை டயர் ஓரத்தில் எழுதியிருப்பார்கள், குறித்துக்கொள், 28 என்று எழுதிய டியூபெல்லாம் ஒன்று என்று எடுத்துப் போகாதே.

குளிர்காலத்தில் போனால் ஏரியில் பூநாரை பார்க்கலாம். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், நண்பர்களைப் பயமுறுத்த உதவும். ரொம்ப முடியாமல் போனால் பொன்னேரியில் நின்று, வீட்டுப் பெரியவர் ஒருவரை உதவிக்கு வரச் சொல்லலாம், அதில் மானம் ஒன்றும் போகாது.


பி.ஆர்.எம். என்கிறார்களே, அது பந்தயமா? கலந்துகொள்ள என்ன வேகம் வேண்டும்?
– மாதவரம் வாசகி

பந்தயம் இல்லை, நீண்ட தூர சைக்கிள் ஓட்டம். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான், முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்பார்கள். 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் இந்த வகைக்கெல்லாம் மூத்தது, இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை, 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், 200-க்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தாலே போதும். பயமுறுத்துவது வேகம் இல்லை, நிற்கிற நேரம். டீ, இன்னொரு டீ, பஞ்சர், போட்டோ என்று இரண்டு மணி நேரம் காணாமல் போகும். பொதுவாக 100 கிலோமீட்டரைச் சிரித்துக்கொண்டே முடிக்கிறவர் 200-க்குப் பெயர் கொடுக்கலாம். முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை எல்லாம் வேண்டும். வழியில் வீட்டு ஆட்கள் காரில் பின்தொடர்ந்து உதவக் கூடாது, கண்ட்ரோல் என்ற நிறுத்தங்களில் மட்டும் உதவலாம்.


போன வாரம் மழை விட்டதும் ஓட்டினேன். துறைமுகம் பக்கம் ரோட்டில் பதித்த தண்டவாளத்தில் முன்சக்கரம் வழுக்கி விழுந்துவிட்டேன். மெதுவாகத்தான் போனேன், எப்படி இப்படி?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

வேகத்தால் இல்லை, கோணத்தால். தண்டவாளம் ரோட்டைச் சாய்வாக வெட்டும் இடத்தில் நீங்கள் நேராகப் போனால் டயர் அந்தப் பள்ளத்துக்கு இணையாகி உள்ளே இறங்கிவிடும், ஈரமான இரும்பில் பிடிப்பும் இருக்காது. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் அகலமாக வளைத்து, தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். கடக்கிற நேரத்தில் பிரேக்கும் வேண்டாம், மிதிப்பதும் வேண்டாம். இடமில்லை, லாரி நெருக்குகிறது என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

அது இருக்கட்டும், டி.டி. ஊசி போட்டுக்கொண்டீர்களா இல்லையா?