ஆட்டத்துக்கு ஐந்து சாக்: தப்பு குவார்ட்டர்பேக் மேலா, லைன் மேலா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் என் மகன் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிபவன். ஆட்டத்துக்கு நாலைந்து சாக் வாங்குகிறான், அதாவது பந்தை எறியும் முன்பே எதிரணி அவனைச் சாய்த்துவிடுகிறது. 'பந்தை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருக்கிறான்' என்கிறார் கோச். 'எனக்கு முன்னால் நின்று தடுக்கும் லைன் நிற்கவே மாட்டேங்குது' என்கிறான் இவன். ஆட்ட வீடியோக்கள் கைவசம் இருக்கின்றன. யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் இருவரும் ஒரே சாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே மொத்தமாகப் பழி போடாமல், ஒவ்வொரு சாக்கையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

எதிரணி உள்ளே புகுந்து நெருக்குவது பெரும்பாலும் லைனின் பாடு. அந்த நெருக்கடி சாக்காக முடிகிறதா, அதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடுகிறதா என்பது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் பாடு. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே, நெருக்கடி வரும் ஐந்து பிளேக்களில் (ஒவ்வொரு ஆட்ட முயற்சியும் ஒரு பிளே) ஏறக்குறைய ஒன்றுதான் சாக்காகிறது. மற்ற நாலில் அவர் எறிந்துவிடுகிறார், அல்லது தப்பி ஓடிவிடுகிறார்.

2011ல் என்எஃப்எல்லின் டென்வர் பிராங்கோஸ் அணியில் நடந்ததைப் பாருங்கள். ஒரே பருவம், ஒரே லைன். குவார்ட்டர்பேக் கைல் ஆர்ட்டன் 155 பாஸ் எறிந்து 9 சாக் வாங்கினார். அவருக்குப் பின் வந்த டிம் டீபோ 271 பாஸுக்கு 33. அடுத்த ஆண்டு பெய்ட்டன் மேனிங் வந்தார். லைனின் இரண்டு ஓரத்திலும் நின்று தடுக்கும் டேக்கிள்கள், அதாவது ரயன் கிளேடியும் ஆர்லாண்டோ ஃபிராங்க்ளினும், அதே ஆட்கள்தான். 583 பாஸுக்கு 21 சாக். சாக்கை, பாஸும் சாக்கும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் டீபோவுக்கு 10.9 சதவீதம், ஆர்ட்டனுக்கு 5.5, மேனிங்குக்கு 3.5. மேனிங் ஓடிப் பிழைக்கிற ஆளே அல்ல. அப்போது வயது 36, கழுத்தில் அறுவைச் சிகிச்சை முடித்து வந்தவர். பந்து எங்கே போக வேண்டும் என்பதில் பாதியை ஸ்னாப்புக்கு முன்பே, அதாவது பந்து தன் கைக்கு வரும் முன்பே, முடிவு செய்துவிடுவார், அவ்வளவுதான். (உங்கள் மகனுக்கும் இந்தச் சதவீதத்தைப் போட்டு வையுங்கள். ஆட்டத்துக்கு 12 பாஸ் எறிகிறவன் வாங்கும் ஐந்தும் 35 எறிகிறவன் வாங்கும் ஐந்தும் ஒன்றல்ல.)

அதற்காக லைனுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. ஒரே பருவத்தில் அதிக சாக் வாங்கிய என்எஃப்எல் சாதனை டேவிட் காரிடம் இருக்கிறது: 2002ல் 76. அந்த ஆண்டுதான் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. லைனைத் தாங்குவார் என்று நம்பி எடுத்த டேக்கிள் டோனி போசெலி தோள் காயத்தால் அந்த அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அனுபவமே இல்லாத குவார்ட்டர்பேக், ஒட்டுப்போட்ட லைன். இதில் பழியைப் பங்கு பிரிப்பது கஷ்டம்.

இனி உங்கள் வீடியோ. பக்கவாட்டில் எடுத்ததை விட, எண்ட் ஸோன் (மைதானத்தின் கோல் முனை) பக்கம் உயரத்திலிருந்து எடுத்தது நல்லது. யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். லைனின் நடுவே நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் கையிலிருந்து பந்து நகரும் பிரேமிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். வினாடிக்கு 30 பிரேம் என்றால் 75வது பிரேம் இரண்டரை வினாடி, 90வது மூன்று. என்எஃப்எல்லில் ஸ்னாப்பிலிருந்து பந்தை எறிய ஆகும் சராசரி நேரமே மூன்று வினாடிக்குக் கீழேதான். எதிராளியின் கை இரண்டரை வினாடிக்குள் மகன் மேல் பட்டுவிட்டால், முதல் சந்தேகம் லைன் மேல். மூன்று வினாடிக்குப் பிறகும் பந்து கையில் இருந்தால், முதல் சந்தேகம் மகன் மேல். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. இரண்டு பக்கத்திலும் விதிவிலக்கு உண்டு.

இரண்டரை வினாடிக்குள் விழுந்த சாக்கில், முதலில் தலையை எண்ணுங்கள். லைனில் ஐந்து பேர், உதவிக்கு ஒரு ரன்னிங் பேக், ஆக ஆறு பேர் தடுக்கிறார்கள். எதிரணி ஏழு பேரை அனுப்பினால் ஒருவன் யாரும் தொடாமல் வரத்தான் செய்வான். அந்த ஏழாவது ஆளைச் சமாளிப்பது லைனின் வேலை இல்லை, குவார்ட்டர்பேக்கின் வேலை. பிளிட்ஸ் (இப்படிக் கூடுதல் ஆள் பாய்ந்து வருவது) கிளம்பிய இடம் காலியாகும், அங்கே ஓடும் ரிசீவரிடம் (பாஸைப் பிடிப்பவர்) உடனே எறிய வேண்டும். எதிர்பார்த்த இடத்தில் ரிசீவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றால் தப்பு அந்த ரிசீவர் பேரில். ஆறுக்கு நாலு பேர் மட்டும் வந்தும் ஒருவன் தடையின்றிப் புகுந்தால், லைனில் யார் யாரைப் பிடிப்பது என்பதில் குழப்பம். அது லைனின் கணக்கு.

அடுத்து, பெற்றோர் கண்ணில் பெரும்பாலும் படாமல் போகும் விஷயம்: மகனின் கால் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது. ஷாட்கன் என்ற அமைப்பில் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்குகிறான். மூன்று காலடி எடுத்துவைத்துப் பின்வாங்கினால் ஏழு, எட்டு யார்டில் கால் நிலைகொள்ள வேண்டும். அவன் அங்கே நிற்பான் என்ற கணக்கில்தான் ஓரத்து டேக்கிள் தன் ஆளை வெளிப்பக்கமாக, வளைவாகத் தள்ளிக்கொண்டு போகிறான். தள்ளப்பட்டவன் எட்டு யார்டைத் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டால் டேக்கிள் ஜெயித்தான் என்று அர்த்தம். குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் ஏறினால் போதும். மகன் பயத்தில் பதினோரு யார்டு வரை நழுவியிருந்தால், வளைவு முடியும் இடத்தில் தானே போய் நிற்கிறான். பார்ப்பவர்களுக்கு டேக்கிள் தோற்றது போலத் தெரியும். உண்மையில் அவன் தன் வேலையைச் சரியாகவே செய்தான். மைதானத்துக் கோடுகளை வைத்து ஒவ்வொரு சாக்கிலும் இந்தத் தூரத்தை அளந்து எழுதுங்கள். பத்தில் நாலு இப்படி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மூன்று வினாடியைத் தாண்டிய சாக்கில் விதிவிலக்கு, கோச் வகுத்த பிளேதான். ரிசீவர்கள் எல்லோரும் 15 யார்டு ஓடித் திரும்புகிறார்கள், தடுக்க ஐந்தே பேர் என்றால், திரும்பும்போதே மூன்று வினாடியை ஒட்டிவிடும். இதற்குப் பையனைத் திட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஐந்து யார்டில் யாராவது ஆளில்லாமல் நின்றும் மகன் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றால் மட்டும் அவன் கணக்கில் எழுதுங்கள். பந்தை இரண்டு கையாலும் பிடிக்காமல் தட்டிக்கொண்டே நிற்கிறானா என்பதையும் பாருங்கள். முடிவெடுக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

யாருமே கிடைக்காவிட்டால் வெளியே எறிந்துவிடலாமே என்று கேட்பீர்கள். விதி இடம் கொடுக்கும், ஆனால் எங்கிருந்தும் அல்ல. உங்கள் ஊர்ப் பள்ளி ஆட்டங்களுக்குப் பொருந்தும் தேசிய உயர்நிலைப்பள்ளி விதியில் 2022ல் மாற்றம் வந்தது: பந்து வைத்த இடத்திலிருந்து பக்கவாட்டில் நாலு யார்டுக்கு வெளியே போய்விட்ட குவார்ட்டர்பேக், பந்து குறைந்தது ஸ்க்ரிம்மேஜ் கோட்டையாவது (பிளே தொடங்கும் கோடு) எட்டும்படி எறிந்தால் ஃபவுல் இல்லை. உள்ளே நின்றுகொண்டு ஆளில்லாத இடத்தில் எறிந்தால் ஃபவுல்தான். எனவே வெளியேறும் வழியையும் பழக வேண்டும். பின்பக்கமாகச் சுழன்று ஓடுவது பத்து யார்டை இழக்கும் வழி.

சாக்கே வாங்காதவன்தான் நல்லவன் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2021ல் ஜோ பர்ரோ 51 சாக் வாங்கினார். அதே பருவத்தில் பாஸ் பிடிபடும் சதவீதத்தில் லீக்கிலேயே முதலிடம். பிளேஆஃபில் டென்னசி டைட்டன்ஸ் அவரை ஒரே ஆட்டத்தில் 9 முறை சாய்த்தது. அந்த ஆட்டத்தை 19–16 என்று ஜெயித்தது அவருடைய சின்சினாட்டி பெங்கால்ஸ்தான். நீளமான பாஸுக்குக் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை எந்த நேரத்தில் கொடுக்கிறான் என்பதே முக்கியம். ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) எட்டும் தூரத்தில் ஏழு யார்டு இழப்பதும், தன் எண்ட் ஸோன் வாசலில் பந்தைத் தவறவிடுவதும்தான் ஆட்டத்தைக் கெடுப்பவை.

பயிற்சியில் இரண்டரை வினாடிக்கு ஒருவர் விசில் ஊதட்டும். விசில் ஊதும்போது பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அல்லது கால் முன்னால் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் அது சாக் கணக்கில் சேரும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 முறை. பின்வாங்கும் தூரத்துக்கு, எட்டு யார்டில் புல்லின் மேல் ஒரு துண்டைப் போட்டு, பின்னங்கால் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள்.

ஐந்து ஆட்டக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்: வினாடி, வந்தவர், தடுத்தவர், கால் நின்ற யார்டு. இரண்டரை வினாடிக்குள் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் இடது ஓரத்திலிருந்தே வந்திருந்தால், டைட் எண்டை (லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) அந்தப் பக்கம் நிறுத்தி, பாஸ் பிடிக்க ஓடும் முன் அங்கே வருபவனை ஓர் இடி இடித்துவிட்டுப் போகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான கோச்சுகள் மறுக்க மாட்டார்கள்.